கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும் வகுப்பு

1

ஊரிலிருந்து கப்பலேறி இங்கே வருகிறவர்கள் இப்போது அநேகமாக யாருமில்லை. போகிறவர்கள்தான் இருக்கிறார்கள். ஆனாலும் போனவர்கள் போடும் கடிதம் வழியாக ஊர் என்னைக் கேட்கும் கேள்வி மட்டும் எப்படியோ மலாயாவில் இந்தக் கிள்ளானுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. “சும்மாவே கப்பலில் கூட்டிவந்து விடுகிறார்களாமே, வைத்தியலிங்கம் ஏன் வரவில்லை? அங்கே இருந்த வேலையும் போய்விட்டதாமே?”

வேலை போனது உண்மை. கப்பலில் எனக்கும் என் மனைவி தனத்துக்கும் மகள் ராஜத்துக்கும் இடம் தருகிறோம் என்று சொன்னதும் உண்மை. அப்புறம் ஏன் வரவில்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு விஜயதசமி. அந்தச் சங்கதி நடந்து சரியாக ஒரு வருஷம். இப்போது நான் வேலை பார்க்கும் கிள்ளான் அரிசி ஆலையில் சீன முதலாளி தவ்கே அரை நாள் விடுமுறை விட்டிருக்கிறார். இயந்திரம் நின்றிருக்கிறது. நெல் மூட்டையின்மேல் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, முன்னே பின்னே இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பயந்த சுபாவம். மழை பெய்தால் ஆறு பெருகிவிடுமோ என்று பயம், பெய்யாவிட்டால் காய்ச்சல் வருமோ என்று பயம். ராஜம் பள்ளிக்கூடம் விட்டு வரக் கொஞ்சம் தாமதமானால் ரயில் பாதைப் பக்கம் போய் நின்றுகொள்வேன். “கவலைப்பட ஒண்ணும் இல்லேன்னா, ஏன் இல்லேன்னு கவலைப்படுவாங்க” என்று தனம் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். இந்தச் சுபாவம்தான் எனக்கு உத்தியோகத்தில் நல்ல பேர் வாங்கிக் கொடுத்தது. அதுவேதான் கடைசியில் என்னை அந்த வகுப்பிலும் கொண்டுபோய் உட்கார வைத்தது.

2

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு பட்டறையில் நான் பிட்டர். அரம், உளி, சுத்தி, இவைதான் பிழைப்பு. அங்கே புதிதாக ஓர் ஏற்பாடு வந்தது. தொழிற்பள்ளிப் பிள்ளைகள் வாரத்தில் பாதி நாள் பள்ளியில் படிப்பார்கள், மீதிப் பாதி எங்கள் பட்டறையில் வந்து கை வேலை பழகுவார்கள். மலாய்க்காரப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நம் பிள்ளைகள் எல்லோரும் கலந்துதான். அவர்களைப் பார்த்துக்கொள்ள வேலைக்காரர்களிலேயே சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் குடிக்க மாட்டேன், அடிக்க மாட்டேன். அதனால் என் பெயரும் வந்தது. அதோடு குவார்ட்டர்ஸில் ஓர் அறையும் அடுப்படியும் கிடைத்தன. அந்த வீடு கிடைத்ததால்தான் ராஜம் நடந்து போகிற தூரத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள்.

நான் தொழில் பழகியது நாகப்பட்டினத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வார்ப்புப் பட்டறையில். அங்கே கற்றுக்கொடுப்பது என்று ஒன்று கிடையாது. மேஸ்திரி முக்கியமான இடம் வரும்போது முதுகைத் திருப்பிக்கொள்வார். நாங்கள் அவர் அக்குளுக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்க்க வேண்டும். கை நீட்டினால் அரத்தின் வாலால் முட்டியில் ஒரு தட்டு விழும். உப்புக் காற்றில் இரும்பு ஒரு ராத்திரியில் சிவந்துபோகும். காலையில் அதைத் தேய்ப்பதே எங்களுக்குப் பாடம். எனக்குக் கீழே பிள்ளைகள் வந்தால் ஒருநாளும் அடிக்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். அடிக்கவும் இல்லை.

ஆனால் வேறொன்று செய்தேன். நான் மட்டுமல்ல, எங்கள் பட்டறையில் எல்லோருமே அதைத்தான் செய்தோம். பிள்ளை உளியைப் பிடித்தால் விரலில் போட்டுக்கொள்வானோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். “கொண்டா, கொண்டா” என்று வாங்கி நாமே செய்துவிடுவது. அவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இப்படியே போனதில் பிள்ளைகள் விளக்குப் பிடிக்க நன்றாகப் பழகினார்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருநாள் வந்து எங்கள் துரையிடம் நேராகவே கேட்டுவிட்டாராம்: “இவர்களை நீங்கள் பிட்டராக ஆக்குகிறீர்களா, விளக்குத் தண்டாக ஆக்குகிறீர்களா?”

அதற்குப் பிறகுதான் உத்தரவு வந்தது. மாணவர் பொறுப்பில் இருக்கிறவர்கள் எல்லாம் சனிக்கிழமை பிற்பகல்களில் ஒரு வகுப்புக்குப் போக வேண்டும். எப்படி வேலை செய்வது என்பதற்கு அல்ல, வேலை செய்கிற பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதற்கு. முடிவில் பரீட்சை. அது ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக நிறுத்திக்கொண்டிருந்த நேரம். போர்ட் சுவெட்டன்ஹாமில் ஊருக்குப் போகிற கப்பலுக்காக மூட்டை முடிச்சுகளோடு குடும்பங்கள் காத்துக் கிடந்தன. எங்கள் பட்டறையிலும் ஆட்குறைப்பு வரும் என்று பேச்சு. வகுப்பில் தேறினவனுக்கு மாணவர் பொறுப்பும் வீடும் நிற்கும், தேறாதவன் குறைப்பில் போவான் என்று ஆபீஸ் குமாஸ்தாவான பெரிய கிராணியே வாய்விட்டுச் சொன்னார். நான் அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை.

3

வகுப்பு நடத்த வந்தவர் இளவயதுத் துரை. வெயிலில் காது இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி இருக்கும். எங்களுக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் வராது. நடுவில் சந்தையில் பேசுகிற பாசார் மலாய்தான். அவர் மலாய் பேசினால் எங்களுக்குச் சிரிப்பு வரும், நாங்கள் பேசினால் அவருக்கு. முதல் நாள் அவர் எங்களை வரிசையாக நிறுத்தினார். அவரவர் தோள் துண்டாலேயே அவரவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். எதிரில் ஒரு பிள்ளை துருப்பிடித்த மரையைக் கழற்றப் போராடிக்கொண்டிருக்கிறான். நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். “தெங்கோக் சாஜா,” பார்த்தால் மட்டும் போதும் என்றார்.

எனக்குப் பக்கத்தில் நின்றது ஞானமுத்து. கடைசல் மெஷின் பார்க்கிற டர்னர், மெதடிஸ்ட் கோயில்காரர், எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையிலேயே குடியிருந்தவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.

“என்னாண்ணே இது, திருடனப் புடிச்சிட்டுப் போற மாதிரி கட்டிப்புட்டாங்க. எம் பொண்டாட்டிக்கு யாராச்சும் சொல்லி அனுப்புங்களேன், ஜாமீன் எடுக்க வரட்டும்.”

“சும்மா இருங்க ஞானமுத்து. துரை பாக்குறாரு.”

“பாத்தா என்னா, அவரு கையும்தான் பின்னால இருக்கு. அது சரி, ஏன் வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு?”

“அந்தப் பையன் ஸ்பானரைத் தப்பாப் புடிச்சிருக்கான். நழுவினா முகத்துல அடிச்சிரும்.”

“அவன் முகம்லா. உங்க முகமா?”

ஸ்பானர் நழுவத்தான் செய்தது. முகத்தில் அடிக்கவில்லை, கைமுட்டி உரசியது. பிள்ளை கையை உதறிவிட்டு, யாரும் சொல்லாமலேயே பிடியை மாற்றிக்கொண்டான். மரை கழன்றது. துரை எங்களைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அன்றைக்குத்தான் அந்த வகுப்பு என்ன என்று கொஞ்சம் புரிந்தது. புரிந்ததும் பயம் அதிகமாகிவிட்டது. கையைக் கட்டலாம், நெஞ்சை என்ன செய்வது?

போகப் போகத் துரை மேலும் சொன்னார். பிள்ளை தடுமாறினால் பதிலைச் சொல்லாதே, கேள்வி கேள். எது வேண்டாம் என்று சொன்னாலும் ஏன் வேண்டாம் என்று கூடவே சொல். நாங்கள் ‘வேண்டாம்’ என்பதோடு நிறுத்திவிடுவோம், அது எங்கள் பழக்கம். ஆபத்தாக இருந்தால் மட்டும் கை நீட்டலாம். ஆபத்து என்றால் ரத்தம். இரும்பு வீணாவது ஆபத்து இல்லை. இதைக் கேட்டதும் எங்களுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. இரும்பு வீணானால் எங்களைத் திட்டும் துரை வேறொருவர் இருக்கிறாரே, அவருக்கு யார் சொல்வது?

வகுப்பில் சொன்னதை நான் வீட்டிலும் பழகிப் பார்த்தேன். ராஜத்துக்கு அப்போது பத்து வயது. தெருவில் அவள் இங்கிலீஷிலும் மலாயிலும்தான் விளையாடுவாள். தமிழ் அவளுக்குச் சாப்பிடவும் திட்டு வாங்கவும் மட்டும் என்று ஆகிவிட்டிருந்தது. நாங்கள் ஏதாவது பேசினால் பதில் வேறு பாஷையில் வரும். தனம் பாதி புரிந்துகொள்வாள். நான் புரிந்த மாதிரி தலையாட்டுவேன். ஒருநாள் ராஜம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய் நின்றேன்.

“இது ஏன் இப்படி வந்துச்சு, ராஜம்?”

“எது?”

“அந்தக் கணக்கு. நீ என்ன நெனக்கிறே?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “உங்களுக்குத் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்கப்பா. ஏன் எங்க டீச்சர் மாதிரி கேக்குறீங்க?”

அடுப்படியில் தனம் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ராஜம் சொன்னது சரி. அந்தக் கணக்கு எனக்குத் தெரியாதுதான்.

4

பரீட்சை விஜயதசமி காலையில் என்று வைத்தார்கள். துரைக்கு அது வெறும் ஒரு நாள். எங்களுக்கு, புது வித்தை தொடங்க அதைவிட நல்ல நாள் எது? என் பயம்கூட அன்றைக்கு ஒரு சுற்று குறைந்தது.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. பட்டறையின் ஒரு மூலையைக் கழுவிக் கோலம் போட்டு, அவரவர் ஆயுதத்தைத் துடைத்து எண்ணெய் தடவி அடுக்கினோம். பொரி, கடலை, வாழைப்பழம். ஞானமுத்து கும்பிட மாட்டார், ஆனால் பொரி பங்கு போட அவர்தான் முதலில் நிற்பார். குடும்பங்களும் வந்திருந்தன. சந்தனக் கிண்ணத்தை ராஜத்தின் கையில் கொடுத்து எல்லா ஆயுதத்துக்கும் பொட்டு வைக்கச் சொன்னேன். அவளுக்கு அன்றைக்கு மனமே இல்லை. வீட்டில் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு, சந்தனத்தில் விரலை முக்கி முக்கிச் சுத்தி, அரம், உளி, கேஜ் என்று எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டே போனாள்.

கேஜ் என்பது அளவு பார்க்கிற எஃகுத் துண்டு. நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு விரல் இருக்கும். அராவின இரும்புக் கட்டை அந்த இரண்டு விரலுக்கும் நடுவில் இறுகாமலும் ஆடாமலும் நுழைந்தால் அளவு சரி. நுழையாவிட்டால் இன்னும் அராவ வேண்டும். ஆடினால் தொலைந்தது, அராவின இரும்பை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் கற்பூரம் காட்டித்தான் எடுப்போம். பொட்டைத் துடைக்க மாட்டோம். வேலை செய்யச் செய்ய அதுவே தேய்ந்து போகட்டும் என்று விட்டுவிடுவோம். இது எங்களுக்குள் யாரும் யாருக்கும் சொல்லித் தெரிந்துகொண்டதில்லை.

பரீட்சையில் ஆளுக்கு ஒரு பிள்ளை வேலை செய்வான், நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அவனுக்கும் எங்களுக்கும் தனித்தனி மதிப்பெண். எனக்குக் கிடைத்த பிள்ளை ஆ சின். கிள்ளான்காரன், பதினேழு பதினெட்டு வயது. அப்பா ஆற்றோரம் கரி விற்கிறவர். பட்டறையில் எல்லோரும் என்னை அண்ணே என்பதால், அதுதான் என் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தான். ஞானமுத்துவையும் அண்ணே என்று கூப்பிடக் கேட்டுவிட்டு, “உங்க ஊர்ல ஒரே பேர்தானா?” என்று மலாயில் கேட்டவன். நல்ல கை அவனுக்கு. விளக்குப் பிடித்துக்கொண்டே என் கையை வேவு பார்த்துக் கற்றுக்கொண்டவன் என்று எனக்கு உள்ளூரத் தெரியும்.

விஜயதசமி காலை, கற்பூரம் காட்டி முடித்ததும் அவன் சுத்தியை எடுத்தான். பொட்டைப் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து கந்தலை உருவித் துடைக்கப் போனான்.

“ஜாங்கான்!” என்று கத்தினேன். செய்யாதே என்று அர்த்தம். “இது சாமியுடையது.”

அவன் கை அப்படியே நின்றது. கந்தலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சுத்தியை இரண்டு கையாலும் மரியாதையாக வைத்தான். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

5

முதலில் ஞானமுத்துவின் முறை. அவருடைய பிள்ளை கடைசல் மெஷினில் உளியைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டிவிட்டான். பார்த்த எங்களுக்கே தெரிந்தது. ஞானமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “நல்லாப் பாத்தியா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிள்ளை “பார்த்தேன்” என்றான். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார், உதடு மட்டும் அசைந்தது, ஜெபம் என்று நினைக்கிறேன். உளி உடைந்தது. வேலை கெட்டது. துரை தலையை ஆட்டி ஏதோ குறித்துக்கொண்டார். ஞானமுத்து தேறினார். பிள்ளை தேறவில்லை. பிள்ளைக்கு மதிப்பெண் போடப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் தனியாக வந்திருந்தார்.

அடுத்து நான். ஆ சின் சதுர இரும்புக் கட்டையை வைஸ் இடுக்கியில் இறுக்கி அராவத் தொடங்கினான். சத்தமே சொல்லியது, அரம் சமமாக ஓடுகிறது என்று. எனக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. கட்டையைக் கழற்றிக் கேஜில் கொடுத்துப் பார்த்தான். நுழையவில்லை. திரும்ப அராவினான். திரும்பக் கொடுத்தான். நுழையவில்லை.

என் கண்ணுக்கு அந்தக் கட்டை அளவுக்கு வந்துவிட்ட மாதிரிதான் தெரிந்தது. ஏன் நுழையவில்லை? கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன். கேஜின் உள்விரலில், ராஜம் அப்பின சந்தனம் காய்ந்து பொருக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கம் வைத்த பொட்டு இல்லை அது. வழிந்து உள்ளே போனது. கட்டை இரும்பில் முட்டவில்லை, சந்தனத்தில் முட்டிக்கொண்டிருந்தது.

என்ன செய்வேன்? வாயைத் திறந்து சொன்னால் வகுப்பு போச்சு, வேலை போச்சு, வீடு போச்சு. சொல்லாவிட்டால் அவன் இன்னும் நாலு இழுப்பு இழுப்பான், கட்டை சந்தனத்துக்குச் சரியாக நுழையும், ஆசிரியர் தன் கேஜில் போட்டுப் பார்ப்பார், ஆடும். கேள்வி கேட்கலாம், அதற்கு இடமுண்டு. மலாயில் கேட்டேன்.

“ஆ சின், கேஜில் என்ன பார்க்கிறாய்?”

அவன் நிமிரவில்லை. “பொட்டு பார்க்கிறேன், அண்ணே.”

அவனுக்குத் தெரிந்தே இருந்தது!

“பார்த்துவிட்டு என்ன செய்கிறாய்?”

“சாமிக்கு இடம் விட்டு அராவுகிறேன்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. ரொம்பப் பொறுப்பாக, மரியாதையாகச் சொன்னான். அரத்தைத் திரும்பக் கட்டையின்மேல் வைத்தான்.

எனக்கு இன்னொரு கேள்வி தோன்றவில்லை. தோன்றியிருக்கலாம். ஏன் துடைக்கவில்லை என்று கேட்டிருக்கலாம். கேட்டால், நீதானே வேண்டாமென்றாய் என்று சொல்வான். அப்புறம் நான் என்ன கேட்பது? வேண்டாம் என்றது என் வாய். ஏன் என்று சொல்லாததும் என் வாய். அந்தப் பிள்ளை என் சாமிக்கு இடம் விட்டுத் தன் பிழைப்பை அராவித் தள்ளிக்கொண்டிருந்தான்.

“துடைத்துவிடு,” என்றேன். “உள்ளே இருக்கிறதைத் துடைத்துவிடு. சாமி ஒன்றும் சொல்லாது. நான் சொன்னது தப்பு.”

ஆ சின் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான், என்னை இல்லை, துரையை. பிறகு கந்தலை எடுத்து உள்விரலைத் துடைத்தான். கட்டையை வைத்தான். அது தண்ணீரில் இறங்குகிற மாதிரி இறங்கி நின்றது. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் முடிந்துபோயிருக்கும்.

அவன் தேறினான்.

துரை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமில்லை அவருக்கு, அதுதான் கஷ்டம். மெதுவான மலாயில் சொன்னார்: “நீ நல்ல கேள்வி கேட்டாய். அப்புறம் பதிலைச் சொல்லிவிட்டாய். நீ விட்டிருந்தால் அவன் தோற்றிருப்பான். அடுத்த வருஷம், யார் வேண்டாம் என்றாலும் ஏன் என்று கேட்கிற ஆளாக வந்திருப்பான். இந்த வகுப்பே அதற்குத்தானே?”

“சரி துவான். ஆனா இப்ப இருக்கிற நெலமையில அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்கா, துவான்?” என் மலாய் அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. “பட்டறையில ஆளைக் குறைக்கிறாங்க. தோத்த பிள்ளையை யாரு திரும்ப எடுப்பாங்க?”

அவர் காதுகள் இன்னும் சிவந்தன. “அது என் வகுப்பில் இல்லை, வைத்தி,” என்றார். என் பெயரை அவர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதும் சரி. இந்த ஒரு வருஷமாக யோசிக்கிறேன், அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. நான் செய்ததிலும் முடியவில்லை. இரண்டும் சரியாக இருந்தால் எங்கே கோளாறு என்று தெரியாமல்தான் பல நாள் தூக்கம் வருவதில்லை.

6

திரும்பும் வழியில் ஞானமுத்து என்னோடு பேசாமல் நடந்தார். அவர் பேசாமல் நடந்து நான் பார்த்ததில்லை. கோப்பிக் கடை வாசலில் நின்றுவிட்டார்.

“ஏண்ணே, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா? நான் மூடலியா?”

“நீங்க கண்ணையும் மூடிக்கிட்டீங்க.”

“ஆமா, மூடிக்கிட்டேன்,” என்றார். “வேற எப்படிண்ணே நிக்கிறது? எனக்கு வீட்ல நாலு உருப்படி இருக்கு.” இரண்டு கோப்பி சொன்னார். குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

குறைப்பு வந்தது, தேறாதவன் என்று என் பெயரும் அதில் இருந்தது. வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். ஊருக்குப் போகிறவர்கள், போகாதவர்கள் என்று பிரித்து எழுத ஓர் ஆபீஸ். குடும்பத்தோடு நேரில் வர வேண்டும். முதலில் ஒரு ஜன்னல், அங்கே போனால் இன்னொரு ஜன்னல், அங்கே போனால் முதல் ஜன்னலிலேயே கேட்கச் சொன்னார்கள். வெயில் ஏறிவிட்டது. எனக்கு மனசுக்குள் தீர்மானமாகிவிட்டிருந்தது, ஊருக்கே போய்விடலாம் என்று. இங்கே எனக்கு என்ன இருக்கிறது? தனத்திடம் கேட்டதற்கு, “நீங்க சொல்றதுதான்” என்றாள். அவள் அப்படிச் சொன்னால் சம்மதம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். ராஜத்தை நான் கேட்கவில்லை. சின்னப் பிள்ளையை யார் கேட்பார்கள்?

கடைசியில் ஒரு மேசை முன்னால் நின்றோம். யாழ்ப்பாணத்துக் கிராணி, கண்ணாடி போட்டவர், மரியாதையான மனிதர். பேனாவை மையில் தொட்டு வைத்துக்கொண்டு கேட்டார்.

“சொல்லும். நீர் ஊருக்குப் போறீரோ, இஞ்சை நிக்கப் போறீரோ?”

ஊருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. கப்பல் நடுக்கடலில் புயலில் மாட்டினால் என்று ஒரு நினைப்பு, இறங்கிய இடத்தில் வேலை இல்லாவிட்டால் என்று ஒரு நினைப்பு, இங்கேயே இருந்து பட்டினி கிடந்தால் என்று ஒரு நினைப்பு. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கிறது. கிராணி காத்திருந்தார். பின்னால் வரிசை நெளிந்தது.

அப்போது ராஜம் ஓரடி முன்னால் வந்தாள். அவரைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். நீளமாகக்கூட இல்லை, ஒரே வாக்கியம். கிராணி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். முகம் மலர்ந்து, இங்கிலீஷிலேயே ஏதோ கேட்டார். இவள் பதில் சொன்னாள். இவர் சிரித்தார். பேனா ஓடியது.

“சரி, நிக்கிறியள் எண்டு எழுதியாச்சு,” என்றார் என்னிடம். “கெட்டிக்காரப் பிள்ளை. அடுத்த ஆள் வாரும்.”

நான் ‘இல்லை’ என்று சொல்லியிருக்கலாம். மை காய்வதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். தனம் என் முழங்கையைத் தொட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பல நாளாக அவள் முகத்தில் பார்க்காத ஒன்று இருந்தது, நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். நான் மேசையைவிட்டு நகர்ந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச காலம் கிடைத்த கூலி வேலையெல்லாம் செய்தேன். கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்கிற ஊருக்குப் போகிற சாலையில் கல் உடைத்தேன். பிறகு இந்த ஆலை. ராஜம் இப்போது இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போவதில்லை. பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவளைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டுகிறாள். என்மேல் அவளுக்கு வருத்தமா, தன்மேலேயா, தெரியவில்லை. ஆ சின் பட்டறையில் நின்றுவிட்டான் என்று கேள்வி. அவன் கரிக்கடை அப்பா சந்தையில் என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுவார். எதற்கென்று எனக்கும் அவருக்கும் தெரியும். பேசப் பாஷை இல்லை.

ஆனால் ஊரார் கேட்கிற கேள்விக்குப் பதில் அந்த ஆபீஸிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்த வழியில்தான் இருக்கிறது. தனம் கொஞ்சம் பின்தங்கி வந்தாள். நான் ராஜத்திடம் கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

“ஏம்மா அப்படிச் சொன்னே?”

“எப்படி?”

“நிக்கிறோம்னு.”

அவள் நடந்துகொண்டே சொன்னாள். “அங்க எனக்கு யாரைப்பா தெரியும்?”

“நாங்க இருக்கோமே. எனக்கு எல்லாரையும் தெரியும்லா.”

ராஜம் நின்று என்னைப் பார்த்தாள். கேலி இல்லை அவள் கேட்டதில். தமிழில்தான் கேட்டாள், ஒரு வார்த்தைகூடத் தடுமாறாமல்.

“உங்களுக்கு இப்ப அங்க யாரைத் தெரியும்?”

நான் பெயர்களைச் சொல்லத் தொடங்கினேன். முதலில் வாய்விட்டு, பிறகு மனசுக்குள். இறந்துபோனவர்களை விட்டுவிட்டேன். எங்களைப் போல எங்கேயோ போய்விட்டவர்களையும் விட்டுவிட்டேன். ஸ்டேஷன் வருவதற்கு முன்னாலேயே பெயர்கள் தீர்ந்துவிட்டன.